எடை கூடிய தகடு

1

போன வியாழக்கிழமை காலை என் மகள் ஆர்த்தி என் கைப்பேசியைப் பிடுங்கி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்த ஒரு படத்தின் கீழே எழுதியிருந்ததை உரக்கப் படித்தாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தமிழ் பேசுவாள். படிப்பதென்றால் எழுத்து எழுத்தாகத்தான் வரும்.

"ந...ம்ம... ம...ண்...ணின்... ம...கள்... ரா...ணி...க்கு... வா...ழ்த்...து..."

ஒரே மூச்சில் படித்திருந்தால் ஒரே அடியோடு போயிருக்கும். இவள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அடி கொடுத்தாள். போதாததற்கு, "மம்மி, யே தோ ராணி ஆன்ட்டி! மஸ்த் திக்தி ஹை!" என்று படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ராணி ஆன்ட்டி அசத்தலாக இருக்கிறாளாம்.

படத்தில் ராணி, நம் பக்கத்துக் கடலோரத்தில் இருக்கும் அணுமின் நிலையத்துக்குப் போகிற சாலையில், ஒரு டீக்கடை முன்னால் நிற்கிறாள். கழுத்தில் விருந்தினர் அட்டை. கையில் நீலக் கோப்பு. பின்னால் ஒரு வெள்ளைக் கார். அங்கே கேன்டீனில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் எடுத்துப் போட்டிருக்கிறார். கீழே ஊரே கைகூப்பியிருந்தது. என் சொந்த மதினி மூன்று பூங்கொத்து போட்டிருந்தாள். எனக்குப் பெண் பிறந்தபோதுகூட ஒரு பூ வாங்காதவள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை. அந்த நீலக் கோப்பைக் கட்டியவள் நான். அந்தக் கார் எனக்காக வந்திருக்க வேண்டிய கார்.

ஊர்ச் சங்கத்தார் மலருக்குக் கட்டுரை கேட்டு எழுதி இரண்டு மாதம் ஆகிறது. 'வெளிநாடு வாழ் நம்மவர்' பக்கத்தில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் எனக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் மும்பை வந்து இந்த மாதத்தோடு இருபத்தைந்து வருடம். மும்பை வெளிநாடா என்று கேட்பவர்கள் ஒரு முறை இங்கே வந்து மராத்தியில் படிவம் நிரப்பிப் பார்க்கலாம். மழை, லோக்கல் ரயில், வடாபாவ் என்று எதையாவது எழுதி அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வடாபாவ் பற்றி எழுதக் கை ஓடவில்லை.

2

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு கல்யாணப் பந்தியில் என் அண்ணன், "எங்க சொர்ணம் பம்பாயில அணுகுண்டு செய்யுதா" என்று சொல்லிவிட்டான். பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

குண்டெல்லாம் இல்லை. செம்பூரில் இருக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் நான் பொருள்களைத் தேய்த்துப் பார்க்கிறேன். அணு உலைக்குத் தண்ணீர் போகும் குழாய்களில் வால்வுகள் இருக்கும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அதன் இரண்டு முகங்கள் ஒன்றோடொன்று உரசும். வருடக்கணக்கில் உரசினால் எவ்வளவு தேயும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்காக அதே உலோகத்தில் ஒரு சின்னத் தகடும், விரல் நுனி அளவுக்கு ஒரு குச்சியும் வெட்டி, மூடிய பாத்திரத்தில் கொதிக்கும் வெந்நீருக்குள் வைத்து, குச்சியைத் தகட்டின் மேல் அழுத்தி ஆயிரக்கணக்கான தடவை முன்னும் பின்னுமாக இழுப்போம். இழுப்பதற்கு முன்பு ஒரு எடை, பின்பு ஒரு எடை. குறைந்தது எவ்வளவோ அதுதான் தேய்மானம்.

உப்புக்கல்லில் கால்வாசி கூட இருக்காது அந்தத் தேய்மானம். அதற்கா இத்தனை பாடு என்று என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் கேலி செய்வார். ஆனால் அந்தத் தூள் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். முன்பு வால்வு முகங்களில் கோபால்ட் கலந்த பூச்சைப் பூசுவார்கள். நன்றாக உழைக்கும். ஆனால் உதிரும் கொஞ்சத் தூளும் தண்ணீரோடு உலைக்குள் போய், கதிரியக்கம் ஏறித் திரும்பி வந்து, குழாய் முடுக்குகளில் படிந்துகொள்ளும். பிறகு அந்த வால்வைப் பழுதுபார்க்கக் குனிகிறவன் உடம்பில் அது பாயும். அதனால் கோபால்ட் இல்லாத பூச்சுகளைத் தேடுகிறார்கள். தேடிக் கொண்டுவருவதை நாங்கள் தேய்த்துச் சொல்கிறோம். எங்கள் ஆய்வகத்தில் கதிரியக்கம் எதுவும் கிடையாது. வெறும் உலோகம், வெந்நீர், உரசல். அண்ணன் பக்கத்தில் தைரியமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

என் இடம் தராசு அறை. பளிங்குப் பலகை மேல் தராசு. மின்விசிறி கிடையாது. கைக்கு எண்ணெய், கிரீம் எதுவும் கூடாது. வளையலைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்ட வேண்டும். மாட்டுங்கா பூக்கடைகளில் மல்லிகை கொட்டிக் கிடந்தாலும் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. ஹார்பர் லைன் தண்டவாளம் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம். ரயில் வந்தால் தராசின் கடைசி இலக்கம் நடுங்கும், டிராம்பே பக்கம் போகிற கூட்ஸ் என்றால் கடைசி இரண்டும். ரயில் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம்.

இயந்திரத்தை ஓட்டியவர் எடை பார்க்கக் கூடாது. ஒருவர் இலக்கங்களை வாசிக்க, இன்னொருவர் பதிவேட்டில் எழுதுவார். எழுதியதை அழிக்க முடியாது. தப்பென்றால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதெல்லாம் எழுதப்பட்ட விதிகள். எழுதப்படாத பழக்கம் ஒன்று உண்டு. எண் வித்தியாசமாக வந்தால், பேனாவைத் தொடுவதற்கு முன்பு, இயந்திரம் ஓட்டியவரைக் கூப்பிட்டு மெதுவாக, "இன்னொரு தடவை கழுவிப் பார்ப்போமா?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

3

ராணி எனக்குக் கீழே வேலை பார்ப்பவள் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தேன். அது பாதி உண்மை.

நாங்கள் இருவரும் நாகர்கோவில் பக்கம் ஒரே பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவள் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவே ஒரு குளம்தான். மூன்று வருடமும் அவள் முதல், நான் இரண்டாவது. கடைசித் தேர்வில் அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் நான் சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அவள் காய்ச்சலோடு வந்து முதலாவதாக வந்தாள்.

கல்யாணம் ஆகி நான் முதலில் மும்பை வந்தேன். அவள் கணவன் ஊரில் நடத்திய கடை நொடித்து, அவர்கள் மும்பைக்கு வெளியே டோம்பிவிலிக்கு வந்தது பன்னிரண்டு வருடம் முன்பு. ஜாதவ் சாரிடம், அவர்தான் எங்கள் ஆய்வகத்தின் மேலாளர், பேசி அவளை வேலைக்குச் சேர்த்தது நான். நல்ல மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் என்னிடம் வந்து கையெழுத்துக்கு நிற்பாள் என்ற நினைப்பு எனக்கு இனித்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

இனிப்பு ஆறு மாதம் நீடித்தது. வந்தபோது இந்தியில் தண்ணீர் கேட்கத் தெரியாதவள், ஆறு மாதத்தில் ஜாதவ் சாரோடு மராத்தியிலேயே சிரித்துப் பேசினாள். நான் இன்றைக்கும் இந்தியில் பேருந்தை ஆணாகச் சொல்வதா பெண்ணாகச் சொல்வதா என்று நடத்துநர் முன்னால் திணறுகிறேன். டோம்பிவிலியில் அவளுக்குச் சொந்தமாக இரண்டு அறை வீடு, துளசித் தொட்டி வைக்கப் பால்கனி. எனக்குத் தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரே அறையும் ஏணி போட்ட பரணும். அவள் மகன் தமிழ் எழுதுகிறான், படிக்கிறான். என் மகள் படிப்பதை மேலே பார்த்தீர்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று நன்றாக இருந்தது. தராசு அறையில் மற்றவர்கள் இலக்கங்களை ஆங்கிலத்தில் வாசிப்பார்கள். நாங்கள் இருவரும் உள்ளே இருந்தால் தமிழில் வாசிப்போம். ஆறு, எட்டு, பூச்சியம், ஒண்ணு. கதவைச் சாத்திவிட்டால் அது எங்கள் பாலிடெக்னிக் பெஞ்சு. அவள் மேல் எனக்கு எரிச்சல் வராத ஒரே இடம் அதுதான்.

4

இந்த வருட ஆரம்பத்தில் ஒரு வால்வுப் பூச்சு சோதனைக்கு வந்தது. நம் கடலோர நிலையத்துக்காகப் பரிசீலிக்கப்படும் பூச்சு. சோதனை முடிந்ததும் ஆய்வகத்திலிருந்து ஒருவர் மாதிரிகளோடு நேரில் போய், அங்கேயுள்ள அதிகாரிகள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஜாதவ் சார் என் பெயரைக் கொடுத்தார். கடிதம் அடித்து, கையெழுத்தும் ஆகிவிட்டது.

திருவனந்தபுரம் வரை விமானம். அங்கிருந்து கார். அந்தக் கார் நிலையத்துக்குப் போக வேண்டுமென்றால் எங்கள் ஊர் ரேஷன் கடை முக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் அதை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. முக்கில் கார் நிற்கும். கழுத்து அட்டையோடு நான் இறங்குவேன். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்பவர்கள் திரும்புவார்கள். மதினி கையில் பையோடு இருப்பாள். "என்ன மதினி, சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவசர வேலை இருப்பதுபோல் மறுபடி ஏறிக்கொள்வேன். பம்பாயில் குடிசையில் கிடக்கிறாள் என்று இருபத்தைந்து வருடம் சொன்ன வாய்க்கு அந்த ஒரு நிமிடம் போதும். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

உள்ளே போக அனுமதிக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். அங்கேதான் வந்தது தொல்லை. இங்கே எல்லாப் படிவத்திலும் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். நமக்கோ ஒரு பெயர், ஒரு இனிஷியல். ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொருவர் தனக்குத் தோன்றியபடி கட்டத்தை நிரப்பியிருந்தார்கள். பட்டயத்தில் நான் பி. சொர்ணலதா. ஆதாரில் ஸ்வர்ணலதா தங்கதுரை. பான் அட்டையில் சொர்ணலதா பொன்னையா. விசாரிக்க வந்த காவலர் மூன்றையும் எங்கள் கட்டிலில் வரிசையாக வைத்துவிட்டு, "மேடம், இன் தீன் அவுரத்தோன் மே ஸே ஆப் கவுன்ஸி ஹை?" என்று கேட்டார். இந்த மூன்று பெண்களில் நீங்கள் எந்தப் பெண் என்கிறார்.

ஆர்த்தி விழுந்து விழுந்து சிரித்தாள். குர்லாவில் நோட்டரியைப் பிடித்து, மூன்று பேரும் ஒருத்திதான் என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, காவல் நிலையத்துக்கு நான்கு நடை நடந்து அனுமதி வாங்கினேன். வாங்கிய நாளில் எல்லோருக்கும் பேடா கொடுத்தேன். ராணி இரண்டு எடுத்துக்கொண்டு, "ஏட்டி, நல்ல சேலையா எடுத்துட்டுப் போ. அந்த மாம்பழக் கலரு உனக்கு எடுப்பா இருக்கும்" என்றாள்.

5

கடைசி ஜோடி மாதிரிகளை ஓட்டியது ராணி. எடை பார்க்க வேண்டியது நான்.

அன்று காலை நல்ல மழை. குர்லாவில் தண்டவாளம் மூழ்கி மத்திய ரயில் நின்றுவிட்டது. டோம்பிவிலியிலிருந்து ராணி போன் செய்தாள். "சொர்ணம், ரயிலு எப்பம் கெளம்பும்னு தெரியல. நான் வந்துருதேன், சேந்தே நிறுத்துருவோம்." நான் சயானில் பேருந்து பிடித்து, முழங்கால் தண்ணீரில் நடந்து ஆய்வகம் வந்து சேர்ந்திருந்தேன். நான் வந்துவிட்டேன், அவள் வரவில்லை என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. அறிக்கை அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தனியாகவே உட்கார்ந்தேன். ஆள் இல்லாத நாளில் அப்படிச் செய்து, பிறகு இரண்டாமவரைச் சரிபார்க்கச் சொல்வது உண்டுதான்.

முதலில் குச்சி. நிறுத்தேன், எழுதினேன். பிறகு தேநீர் குடித்தேன். அப்புறம் தகடு.

தகட்டின் எடை கூடியிருந்தது.

ரயில் எதுவும் ஓடவில்லை. தராசு அசையவே இல்லை. மறுபடி வைத்தேன். மூன்று தடவையும் அதே எண். சோதனைக்கு முன்பு கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தொன்று. இப்போது எழுபத்தெட்டு. தேய்த்த பொருள் எப்படிக் கனக்கும்? வெந்நீரில் கிடந்து படலம் ஏறினால் கனக்கும். அதைக் கண்டுபிடிக்கவே உரசாத தகடு ஒன்றையும் கூடவே போட்டிருப்போம். அதன் எடை மாறவில்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான். ராணி வெறுங்கையால் தொட்டிருக்கிறாள். விரல் எண்ணெய்.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது கவலை இல்லை, சந்தோஷம். மூன்று வருடமும் முதலாவதாக வந்தவள் தகட்டைக் கையால் தொட்டுவிட்டாள்! கழுவிப் பார்க்கவில்லை. அவளுக்காகக் காத்திருக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, 'கையாண்டதில் பிழை. விரல் எண்ணெய். இந்த மாதிரியை ஏற்க இயலாது' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஈரப் புடவையோடு நேரே ஜாதவ் சார் அறைக்குப் போனேன்.

6

ராணி வந்து சேர மதியம் ஆகிவிட்டது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட சார் மேசை முன்னால் நின்று சிவப்பு வரியைப் படித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "குச்சி என்னட்டி ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

குச்சியின் எண் பதிவேட்டில் அதற்கு நேர் மேல் வரியில் இருந்தது. நானே நிறுத்து, நானே எழுதியது. நாற்பது குறைந்திருந்தது.

குச்சி இழந்தது நாற்பது. தகடு வாங்கியது முப்பத்தேழு. தண்ணீரோடு போனது மூன்று.

இது எந்தப் புதுமையும் இல்லை. இரண்டு உலோகங்கள் அழுத்தி உரசினால் சில நேரம் ஒன்றின் சதை பிய்ந்து மற்றதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட மேடு அடுத்த இழுப்பில் இன்னும் பிய்க்கும். கடைசியில் வால்வு இறுகிப் பிடித்துக்கொள்ளும். இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எனக்குத் தெரிந்த பாடம் இது. எடை கூடினால் மறுபாதியைப் பார். இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று என் கண்ணில் அது படவே இல்லை. ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்கு முன்னால் என் கையால் எழுதிய எண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

ராணி தகட்டை நுண்நோக்கியில் வைத்தாள். உரசிய தடத்தின் நடுவே, குச்சியின் உலோகம் தோசைக்கல்லில் ஒட்டிய மாவு மாதிரி அப்பிக் கிடந்தது.

ஜாதவ் சார் ரொம்ப நேரம் பார்த்தார். இந்தப் பூச்சைப் பற்றி அங்கே சொல்ல வேண்டிய முக்கியமான செய்தியே இதுதான் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"சொர்ணா, உதர் யஹீ பன்னா கோலேங்கே. பூச்சேங்கே, லால் ஸ்யாஹி ஸே யே கிஸ்னே லிக்கா. தூ க்யா போலேகி?"

அங்கே இந்தப் பக்கத்தைத்தான் திறப்பார்கள். சிவப்பு மையில் இதை எழுதியது யார் என்று கேட்பார்கள். நீ என்ன சொல்வாய்?

"அப் ராணி ஜாயேகி" என்றார். இனி ராணிதான் போவாள்.

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அவன் மூக்காவது அவனோடு போயிற்று. நான் அறுத்த மூக்கைச் சிவப்பு மையில் எழுதி, ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டு, நகல் எடுத்து, நீலக் கோப்பில் நானே கட்டிக் கொடுக்கும்படி ஆயிற்று. ராணிக்கு டோம்பிவிலியில் காவல்துறைச் சரிபார்ப்பு ஒரே வாரத்தில் முடிந்தது. அவளுக்கு எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர்.

அன்றிலிருந்து தராசு அறையில் நான் இலக்கங்களை ஆங்கிலத்தில் வாசிக்க ஆரம்பித்தேன். சிக்ஸ், எயிட், ஜீரோ. அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். தப்பு செய்தவள் நான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவளும் நான்.

7

அவள் கிளம்பிப் போன பிறகு, அந்த வியாழக்கிழமைதான் படம் வந்தது. அன்று முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது இரண்டு விஷயம். ஒன்று, என் சிவப்பு வரியைப் பற்றி அங்கே என்ன சொல்லியிருப்பாள்? இரண்டு, எங்கள் ஊரில் இறங்கியிருப்பாளா? இறங்கியிருந்தால் மதினி நாற்காலி போட்டிருப்பாள், மீன் குழம்பு வைத்திருப்பாள். பேச்சு வாக்கில் ராணி எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். நானாக இருந்தால் கொட்டியிருப்பேன்.

வேலை முடிந்து வந்து குழாயடியில் குடம் வைத்திருந்தபோது அவள் போன் வந்தது.

"ஏட்டி, செவப்பு மையப் பத்திதான் மொதக் கேள்வியே கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"எங்க சீனியர் எழுதுனது சார்ன்னேன். எட கூடுனா மொதல்ல கையத்தான் சந்தேகப்படணும், அது எங்க எடத்துப் பழக்கம். அவ சந்தேகப்பட்டு எழுதுனதுனாலதான் குச்சியத் திரும்பிப் பாத்தோம்ன்னேன். பெரியவரு தலைய ஆட்டிக்கிட்டாரு. கவனமான ஆளுன்னு சொன்னாருட்டி."

குடம் நிரம்பி வழிந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஏதோ மராத்தியில் திட்டினாள்.

அவள் சொன்னதை அந்த அதிகாரி நம்பியிருக்கலாம். இதைப் படிக்கும் நீங்கள் நம்ப வேண்டாம். எங்கள் பதிவேட்டு வழக்கப்படி நானே திருத்திவிடுகிறேன். 'சந்தேகப்பட்டு' என்ற சொல்லின் மேல் ஒற்றைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் 'பொறாமைப்பட்டு' என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து என்னுடையது.

குழாயை மூடினேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "எங்க ஊர் வழியாத்தானே போன?"

"ஆமா. ரேஷன் கட முக்குல டிரைவர் டீ குடிக்க நிறுத்தவான்னு கேட்டாரு. வேண்டாம், போங்கன்னுட்டேன். கண்ணாடியக்கூட எறக்கல."

"ஏன்? எங்க அண்ணன் வீடு அங்கனதான இருக்கு. எறங்கிட்டுப் போயிருக்கலாம்லா."

"அங்கன எறங்க வேண்டியவ நீயில்லா" என்றாள் ராணி.

அந்த முக்கைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து அழுதேன். ஆர்த்தி எட்டிப் பார்த்து, "மம்மி, ஜலன் ஹோ ரஹி ஹை க்யா?" என்றாள். எரிகிறதா என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன். முன்பைவிட மோசமாக எரிந்தது. கார் போகட்டும், கோப்பு போகட்டும், முதல் மார்க்கும் பால்கனியும் போகட்டும். இப்படி ஒரு மனசும் அவளுக்கே கிடைக்க வேண்டுமா? என் பங்குக்கு ஒன்றுமே மிச்சம் வைக்க மாட்டாளா?

8

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். வளையலைக் கழற்றி ஆணியில் என் வளையலுக்குப் பக்கத்தில் மாட்டினாள். புதிதாக வந்த பூச்சுக்கு முதல் எடை. நான் தராசு முன்னால், அவள் பதிவேட்டு முன்னால். வெள்ளி, சனி, ஞாயிறு முழுக்க அவளிடம் சொல்ல எத்தனையோ வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். கதவைச் சாத்தியதும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

தகட்டை இடுக்கியால் எடுத்து வைத்தேன். கண்ணாடிக் கதவை மூடினேன். எண்கள் ஓடி நிற்கப் போன நேரம் பன்வேல் ரயில் வந்தது. கடைசி இலக்கம் நடுங்க ஆரம்பித்தது. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

"கார்ல ஏசி இருந்துச்சா?" என்று கேட்டேன்.

ராணி பேனாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருந்துச்சு. ரொம்பக் குளுரு. கொறைக்கச் சொன்னேன்."

"நான்னா கொறைக்கச் சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றாள்.

ரயில் போய்விட்டது. இலக்கம் நின்றது.

"எழுது" என்றேன். "ஆறு. ரெண்டு. பூச்சியம்."

ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.